பைக்குள் போகிற மண்ணைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் சிங்காநல்லூர்ப் பக்கம் 12 பேர் சேர்ந்த மகளிர் குழு. குழுக் கடன் எடுத்து, அடுக்குமாடி வீடுகளுக்கு மாடித்தோட்டப் பை தயார் செய்து கொடுக்கிறோம். முதல் ஆர்டருக்கு 300 பை. தென்னை நார்க்கழிவும் சாணி எருவும் கலந்து நிரப்பி, தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று நட்டோம். 25 நாள் ஆயிற்று. செடி நட்ட உயரத்திலேயே நிற்கிறதுங்க. அடி இலை வெளுக்கிறது, இலை ஓரம் தீய்ந்த மாதிரி காய்கிறது. பூச்சி ஒன்றும் காணோம். ஊற்றுவது போர் தண்ணீர். இன்னும் ஒரு டன் நார்க்கழிவு மூட்டையாக அடுக்கிக் கிடக்கிறது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வேறு மண் வாங்குங்கள் என்கிறார்கள். அடுத்த மாதம் தவணை கட்ட வேண்டும். என்ன செய்யட்டுங்க?

பதில்: கொட்டாதீர்கள், சகோதரி. நீங்கள் வாங்கியது கெட்டுப்போன சரக்கு அல்ல, பக்குவம் செய்யாத சரக்கு. பையில் இருப்பதையும் மூட்டையில் இருப்பதையும் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அதற்கு முன் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்த ஆர்டரில் இந்த நட்டம் வராது.

உங்கள் கடிதத்தில் இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன. இலை ஓரம் தீய்ந்து காய்வது உப்பின் வேலை. அடி இலை முழுதாக வெளுத்து, செடி வளராமல் நிற்பது தழைச்சத்துப் பசி. இரண்டும் சேர்ந்து வந்தால், பக்குவம் செய்யாத நார்க்கழிவின் மேல்தான் முதல் சந்தேகம் விழும். மூன்றாவதாக ஒன்று உண்டு: மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடுவது. அப்படி இருந்தால் தண்ணீர் தேங்கி வேர் அழுகுகிறது என்று பொருள். ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாகி நாற்றம் அடித்தால் தண்ணீர் ஊற்றும் முறையையும் மாற்ற வேண்டும்.

உப்பு எங்கிருந்து வந்தது?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில் வாசலில் மலைபோல் குவிந்து கிடக்கும் பழுப்புத் தூளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தூள் மிஞ்சும். ஒரு காலத்தில் கழிவு என்று கொட்டியதுதான் இன்று கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறுகிறது. 2013-14-இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளை கொடுக்கத் தொடங்கியபோது, பையில் மண்ணுக்குப் பதில் இந்த நார்க்கழிவையே கொடுத்தது. அதன் பிறகு கோவையில் பைத் தோட்டம் என்றாலே நார்க்கழிவு என்றாகிவிட்டது.

பைக்கு இது நல்ல பொருள்தான். தன் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கும், அப்படிப் பிடித்தும் உள்ளே காற்றுக்கு இடம் விடும். மாடிக்குப் பாரமும் குறைவு. ஆனால் தென்னை உப்பை விரும்பி எடுக்கிற மரம். அதன் மட்டையில் பொட்டாசியம், சோடியம், குளோரைடு எல்லாம் சேர்ந்திருக்கும். உப்பங்கழித் தண்ணீரில் ஊறவைத்த மட்டையில் இது இன்னும் அதிகம். நம் பக்கம் இயந்திரத்தில் நார் பிரிக்கும்போதும், மட்டையில் இயல்பாக இருக்கும் உப்பு அப்படியே தூளில் தங்கிவிடும். அலசாமல் நிரப்பினால் நாற்றின் இளவேர் முதல் வாரத்திலேயே அடிபடும். நீங்கள் ஊற்றுகிற போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் ஒவ்வொரு நாளும் அது கூடிக்கொண்டே போகும்.

தழைச்சத்துப் பசிக்கு வேறு காரணம். பச்சை நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிமச்சத்து இருக்கிறது. அதை மக்கச் செய்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேண்டும். தூளில் கிடைக்காததால் நீங்கள் போட்ட எருவிலிருந்து அவை எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு மிச்சம் இல்லை. மக்கிய பிறகு இந்த விகிதம் 24-க்கு ஒன்று என்று இறங்கிவிடும். அப்போது அது செடிக்குக் கொடுக்கிற பொருளாக மாறும்.

வயலில் இப்படி ஒரு தவறு நடந்தால் வேர் பக்கத்து மண்ணுக்கோ கீழ் மண்ணுக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளும். பையில் இருக்கிற செடிக்குப் போக வேறு இடம் கிடையாது. அதனால்தான் பை மண்ணை வயல் மண்ணைவிடக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

நட்ட 300 பைகளுக்கு

முதலில் 10 பையில் மட்டும் செய்து பாருங்கள். பக்கத்தில் 2 பையை ஒன்றும் செய்யாமல் ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள்.

பையின் அடி ஓரத்தில் தண்ணீர் வெளியேறும் துளை திறந்திருக்கிறதா பாருங்கள். 15 லிட்டர் பை என்றால் 30 லிட்டர் தண்ணீரை மெதுவாக, அரை மணி நேரத்தில் நாலைந்து தடவையாக ஊற்றுங்கள். முதலில் காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் போகப் போக வெளுக்கும். கடைசி ஐந்து லிட்டராவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீரால் அலசினால், அந்தத் தண்ணீரில் எவ்வளவு உப்போ அதற்குக் கீழே பை மண் இறங்காது.

மறுநாள் தழைச்சத்து கொடுங்கள். தண்ணீரில் கரையும் 19:19:19 உரம் லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, பைக்கு அரை லிட்டர், வாரம் ஒரு முறை. இயற்கை முறை வேண்டும் என்றால் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கை 10 லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். ஏழெட்டு நாளில் குருத்து இலை பச்சையாக வந்தால் மீதிப் பைகளுக்கும் செய்யலாம். பழைய இலையில் காய்ந்த ஓரம் திரும்பப் பச்சையாகாது. புது இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

300 பைக்கும் சேர்த்து ஏறக்குறைய 9,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். அதனால்தான் முதலில் 10 பை என்றேன். கத்தரியும் மிளகாயும் பெரும்பாலும் எழுந்துவிடும். 25 நாள் நின்றுபோன தக்காளி எழுந்தாலும் காய்ப்பு குறையும். தக்காளிப் பைக்கு மட்டும், அலசிய பிறகு புது நாற்று நடுவது நல்லது. நாற்றுச் செலவு பெரிதல்ல, வாடிக்கையாளர் கையைவிட்டுப் போவதுதான் பெரிது. ஆர்டர் கொடுத்தவர்களிடம் மூன்று வாரம் தள்ளித் தருகிறோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். மாடியில் போய்ச் செத்த செடிக்கு அவர்கள் சொல்கிற பேச்சு பத்து வீட்டுக்குப் போகும்.

மூட்டையில் உள்ள ஒரு டன்னுக்கு

இதை இரண்டு விதமாகப் பக்குவம் செய்யலாம். அவசரத்துக்கு ஒன்று, நிதானமாக ஒன்று.

அவசர முறை: பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் நார்க்கழிவைப் போட்டு, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் வடியுங்கள். இப்படி மூன்று முறை. வடிகிற தண்ணீர் இளம் தேநீர் நிறத்துக்கு வந்தால் சரி. ஆனால் தண்ணீரில் மட்டும் அலசினால் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கிற சோடியமும் பொட்டாசியமும் முழுதாகப் போகாது. அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார வேறு சத்து வேண்டும். அதற்குத்தான் கால்சியம் நைட்ரேட். 5 கிலோ கட்டி ஊறினால் எழுபது லிட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய வரும். அந்த அளவு அலசிய தூளுக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்து வடித்து, இன்னொரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். சொட்டுநீர் உரம் விற்கிற கடையில் இது கிடைக்கும். இதைச் செய்யாத பையில்தான் தக்காளிக் காயின் அடிப்பாகம் கருத்து அமுங்குவதை அதிகம் பார்க்கிறோம். அது நோயல்ல, கால்சியம் போதாமை.

வடித்த தண்ணீரைக் கிணற்றுப் பக்கமோ வாய்க்காலிலோ விடாதீர்கள். அதில் உப்பும் சாயமும் இருக்கிறது. நார்க்கழிவு அலசுகிற இடங்களைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறிய ஊர்கள் நம் பக்கமே உண்டு. தென்னை மரம் இருந்தால், ஒரே மரத்துக்கு ஊற்றாமல், பல மரத்து வட்டப் பாத்திக்குப் பிரித்து ஊற்றுங்கள். அந்தப் பொட்டாசியமும் குளோரைடும் தென்னைக்கு ஆகும்.

நிதான முறை: வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிற சிப்பிக்காளான் முறை. மர நிழலில் மேடான இடத்தில், அலசிய நார்க்கழிவு 100 கிலோவைப் பரப்பி, அதன்மேல் ஒரு புட்டி சிப்பிக்காளான் வித்தைத் தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ பரப்பி, ஒரு கிலோ யூரியாவைத் தூவுங்கள். இப்படி மாற்றி மாற்றி அடுக்கினால் ஒரு டன்னுக்கு 5 புட்டி வித்தும் 5 கிலோ யூரியாவும் ஆகும். யூரியா வேண்டாம் என்றால் டன்னுக்கு 200 கிலோ கோழி எரு போடலாம். கையில் எடுத்துப் பிழிந்தால் ஈரம் கசிய வேண்டும், ஒழுகக் கூடாது. அந்த ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் கருத்து, எடை குறைந்து, மண் வாசனையோடு எருவாகிவிடும். மக்க வைப்பது தழைச்சத்துப் பசியைத் தீர்க்கும். உப்பை அது தீர்க்காது. அதனால் அலசுவதை விட்டுவிட வேண்டாம்.

அரை டன்னை அவசர முறையில் இப்போதைய ஆர்டருக்கும், அரை டன்னை நிதான முறையில் அடுத்த பட்டத்துக்கும் வைத்துக்கொண்டால் குழுவின் பணம் முடங்காது.

அடுத்த முறை வாங்கும் முன் நான்கு சோதனை

ஒரு லோடு சொல்வதற்கு முன் 5 கிலோ மாதிரி வாங்கி வீட்டிலேயே பாருங்கள்.

1. கைப்பிடிச் சோதனை. ஊறிய தூளை ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். நாலைந்து சொட்டு வடிந்து, கையைத் திறந்ததும் விரலால் தொட்டால் உதிர வேண்டும். தண்ணீர் ஒழுகிச் சேறு போல் ஒட்டினால் தூள் மிக நைசு, காற்று போகாது. பிடியில் நிற்காமல் நார் நாராக வந்தால் ஈரம் நிற்காது.

2. நிறச் சோதனை. ஒரு டம்ளர் தூளை ஐந்து டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். கடுங்காப்பி நிறம் என்றால் அலசாத சரக்கு.

3. உப்புச் சோதனை. அதே தண்ணீரை மழைத்தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ ஊறவைத்து, துணியில் வடித்து, இ.சி. மீட்டரில் அளக்கலாம். 0.5-க்குக் கீழே என்றால் நாற்றுக்கும் ஆகும். 1-ஐத் தாண்டினால் அலசாமல் தொடவே வேண்டாம். இ.சி. மீட்டர் இல்லையென்றால் ஆர்.ஓ. இயந்திரம் பழுது பார்ப்பவரிடம் டி.டி.எஸ். மீட்டர் இருக்கும். அதில் 250-க்குக் கீழே இருப்பது, மேலே சொன்ன 0.5-க்கு ஏறக்குறைய சமம். ஊறவைத்த தண்ணீரின் அளவை முதலில் தனியாக எடுத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

4. விதைச் சோதனை. மீட்டர் பொய் சொன்னாலும் விதை பொய் சொல்லாது. ஒரு தட்டில் இந்தத் தூள், இன்னொரு தட்டில் நன்றாக விளைகிற மண். இரண்டிலும் 20 முள்ளங்கி விதை போடுங்கள். ஆறாம் நாள் எண்ணுங்கள். மண்ணில் 18 முளைத்து, தூளில் 10 முளைத்தால் அந்தச் சரக்கு அப்படியே ஆகாது. முளைத்ததில் வேர் நுனி பழுப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்பவரிடம் அலசியதா, எத்தனை முறை அலசியது, இ.சி. எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் அவசரப்பட்டு லோடு சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கரிசல் மண் பருத்திக்கும் சோளத்துக்கும் பேர்போன மண். அதையே பையில் நிரப்பினால் இரண்டு மாதத்தில் கல் மாதிரி இறுகிவிடுகிறது. அடியில் ஒரு சாண் ஜல்லி போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்கள். சரியா?
— சூலூர் வாசகர்

பதில்: வயலில் நல்ல மண் பையிலும் நல்ல மண்ணாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வயலில் மேலே விழுந்த தண்ணீரைக் கீழே பல அடி ஆழ மண் இழுத்துக்கொள்கிறது. பையில் ஓர் அடியோடு மண் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் தண்ணீர் இறங்காமல் நின்றுகொள்ளும்.

வீட்டில் பாத்திரம் கழுவும் பஞ்சை எடுத்துத் தண்ணீரில் முக்கி, உள்ளங்கையில் படுக்கவையுங்கள். சொட்டுவது நின்றதும் அதையே செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் தண்ணீர் கொட்டும். பஞ்சு அதுதான், உயரம்தான் கூடியது. உயரம் குறைந்த பையில் அடியில் சேறு நிற்பதும் இதனால்தான். அடியில் ஜல்லி போட்டால் மண்ணின் உயரம் இன்னும் குறைகிறது, அந்தச் சேறு ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. நைசான மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. ஆகவே ஜல்லி வேண்டாம். துளையை மண் அடைக்காமல் இருக்க ஒரு ஓட்டுச் சில்லோ துண்டு வலையோ போதும். அந்த இடத்தையும் வேருக்கே கொடுங்கள்.

கரிசல் நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். பையில் வெடித்தால் இளவேர் அறுந்துவிடும், ஊற்றுகிற தண்ணீர் வெடிப்பு வழியாக ஓடிவிடும். நம் பக்கக் கரிசலில் பல இடத்தில் சுண்ணாம்பும் அதிகம். காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு. அந்த மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல், நரம்பு பச்சையாக இருக்கக் குருத்து இலை வெளுக்கும். அதனால் கரிசலைப் பையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். செம்மண் நல்லது. அதையும் தக்காளி, கத்தரி, வெண்டை போட்ட காட்டிலிருந்து எடுக்காதீர்கள். வேர்முடிச்சு நூற்புழு கூடவே வந்துவிடும்.

குளத்து வண்டல் கிடைக்கிறது என்று சிலர் கேட்கிறார்கள். மழைத்தண்ணீர் மட்டும் வருகிற குளத்து வண்டல் வயலுக்கு நல்லது. பைக்குக் கொஞ்சம் சேர்க்கலாம். சாக்கடையும் ஆலைத் தண்ணீரும் கலக்கிற குளத்து வண்டல் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கீரைப் பைக்கு வேண்டாம். வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை அது.

கேள்வி: காய்கறிப் பைக்கு எதை எவ்வளவு கலப்பது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— பல்லடம், அன்னூர் வாசகர்கள்

பதில்: வாளி அளவில் சொல்கிறேன். எடை வேண்டாம்.

மாடியில் வைக்கும் காய்கறிப் பைக்கு: பக்குவம் செய்த நார்க்கழிவு 4 வாளி, மண்புழு உரமோ நன்கு மக்கிய தொழு உரமோ 3 வாளி, சலித்த செம்மண் 2 வாளி, கருக்கிய உமி 1 வாளி. இதில் 2 கிலோ வேப்பம் புண்ணாக்கு. உமி அரிசி ஆலையில் கிடைக்கும். பச்சை உமியாகப் போட்டால் நெல் முளைக்கும், தழைச்சத்தும் இழுக்கும். கருக்கியே போடுங்கள்.

தரையில் வைக்கும் பைக்குப் பாரம் பிரச்சினை இல்லை: செம்மண் 2, மணல் 1, தொழு உரம் 1 என்ற பழைய நாற்றங்கால் கலவையே போதும். எம்-சாண்ட் போடுவதானால் அலசி, கல்மாவை நீக்கிவிட்டுப் போடுங்கள். அந்த மாவு சிமெண்ட் போல இடுக்கை அடைத்துவிடும்.

தொழு உரத்தைச் சலித்துவிடுங்கள். ஆங்கில 'சி' எழுத்துபோல் சுருண்ட வெள்ளைப் புழு இருந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். பைக்குள் போனால் வேரைத் தின்றுவிடும். 50 கிலோ தொழு உரத்தில் ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் 15 நாள் வைத்தால் நாற்றழுகல் குறையும்.

15 லிட்டர் பையில் முழுக்க மண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 25 கிலோவுக்குப் போகும். மேலே சொன்ன மாடிக் கலவையில் அதைவிட நன்றாகக் குறையும். பழைய ஓட்டுக் கட்டடம், விரிசல் விட்ட தளம் என்றால் பையைச் சுவர் ஓரமாகவே வையுங்கள்.

உப்புத் தண்ணீர் மட்டுமே கிடைக்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் அடியில் கொஞ்சம் வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறோம் என்று வடியாமல் ஊற்றினால் உப்பு பையிலேயே தங்கும். மழை நாளில் பையை மூடாதீர்கள். மழைதான் காசில்லாமல் அலசுகிற ஆள்.

கேள்வி: வடக்கே ஒரு மாநிலத்தில் கஞ்சாச் செடி பயிரிட அரசே அனுமதி கொடுத்திருக்கிறதாம். மருந்துக்கும் துணிக்கும் நல்ல விலை என்கிறார்கள். தோட்டத்துச் சாளைக்குப் பின்னால் பத்துத் தொட்டியில் வைத்துப் பார்க்கலாம் என்று என் மகன் சொல்கிறான். தொட்டிக்கு எந்த மண் ஆகும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னான்.
— பெயர் வேண்டாம் என்று எழுதிய விவசாயி

பதில்: இதற்கு மண் சொல்ல மாட்டேன், ஐயா. நீங்கள் கேட்டு எழுதியது நல்லதாயிற்று.

உங்கள் மகன் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. உத்தரகண்ட் மாநிலம் 2018-இல் நாருக்கும் விதைக்குமான சணல் வகையைப் பயிரிட உரிமம் கொடுக்கத் தொடங்கியது. அந்த வகையில் போதை தருகிற டி.எச்.சி. என்ற பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அங்கேயும் உரிமம் வாங்கித்தான் விதைக்க முடியும். நம் தமிழ்நாட்டில் விவசாயி அப்படிப் பயிரிட அனுமதி கிடையாது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பத்துத் தொட்டிதானே, வீட்டு உபயோகத்துக்குத்தானே, இலை மட்டும்தானே என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. செடியை வளர்ப்பதே குற்றம்.

நிலம் வைத்திருக்கிற எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று, அதே சட்டத்தின் 46-ஆம் பிரிவு. உங்கள் நிலத்தில் குத்தகைக்காரரோ, தங்கி வேலை செய்பவரோ, வேறு யாரோ சோளக்காட்டுக்கும் வாழைக்கும் நடுவில் இந்தச் செடியை வைத்திருப்பது தெரிந்தால், நில உடைமையாளர் உடனே காவல் துறைக்குத் தகவல் கொடுக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதற்கும் தண்டனை உண்டு. 'நான் வைக்கவில்லை' என்பது மட்டும் காப்பாற்றாது. ஆகவே குத்தகைக்கு விட்ட காட்டையும் மாதம் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு வீணாகப் பயப்படவும் வேண்டாம். பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பு வேறு. ஆங்கிலப் பெயரில் சணல் என்று வருவதால் குழப்பம். மஞ்சள் பூப் பூக்கிற பயறு வகை அது. தாராளமாக விதைத்து 45 நாளில் மடக்கி உழுங்கள். புளிச்சக்கீரையின் விரல் விரலான இலையும் பார்க்கக் கஞ்சா இலை போலவே இருக்கும். அதன் அறிவியல் பெயரிலேயே அந்த ஒப்புமை இருக்கிறது. மாடியில் புளிச்சக்கீரை வைத்திருக்கிற வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் சந்தேகமாகக் கேட்டால், ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக் காட்டுங்கள். புளிப்பே சாட்சி.

உங்கள் மகனுக்குத் தொட்டிப் பயிரில் ஆசை இருப்பது நல்ல விஷயம். அந்தப் பத்துத் தொட்டியில் மேலே சொன்ன கலவையை நிரப்பி, துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, பிரண்டை வைக்கச் சொல்லுங்கள். மூலிகைக்கும் கேட்கிற ஆட்கள் உண்டு. கோவை நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. பத்துத் தொட்டியில் கை பழகினால், பிறகு நூறு நாற்றுப் பை போட்டு விற்கலாம். இரவில் நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம்.

கேள்வி: ஒரு பயிர் எடுத்த பை மண்ணைக் கொட்டிவிட வேண்டுமா?
— வெள்ளலூர் வாசகி

பதில்: வேண்டாம். பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, மண்ணைத் தரையில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பி, நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் ஓரம் காற்றுப் போகாமல் மூடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நாலு முதல் ஆறு வாரம் கிடந்தால் பூஞ்சணமும் நூற்புழுவும் வெகுவாகக் குறையும். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே இறங்காது. பிறகு மூன்று வாளி பழைய மண்ணுக்கு ஒரு வாளி புதுத் தொழு உரம் சேர்த்து, வேறு குடும்பப் பயிரை வையுங்கள். தக்காளி இருந்த பையில் கத்தரியும் மிளகாயும் வேண்டாம். கீரை, அவரை, முள்ளங்கி வைக்கலாம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்த பை மண்ணை மட்டும் மறுபடி பைக்குப் போடாதீர்கள்.

மண்ணும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வந்தால் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் பார்த்துச் சொல்வார்கள். சிங்காநல்லூர் மகளிர் குழுவினர் போர் தண்ணீரில் ஒரு லிட்டரைச் சுத்தமான புட்டியில் நிரப்பி, நார்க்கழிவு ஒரு கிலோவையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். முடிவு வந்ததும், பத்துப் பைச் சோதனையில் குருத்து எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் அதையும் சேர்த்துப் பார்ப்போம். கடிதம் எழுதுகிறவர்கள் பையின் அளவு, ஊற்றுகிற தண்ணீர், நட்ட தேதி மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். அந்த மூன்றும் இருந்தால் பதில் உங்கள் பைக்குச் சரியாகப் பொருந்தும்.